‘சிஸ்டம் ஸ்லோவா இருக்குண்ணே’

ரிச்சி தெருவுக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம் முடிவெடுத்துவிட்டு வருவது. ‘எட்டு ஜிபி ராம் போட்டுடுங்க’, ‘கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்’, ‘ஐ-ஃபைவ் ஆக்கிடுங்க’ என்று பொருளின் பெயரைச் சொல்லித்தான் பேச்சையே தொடங்குவார்கள். இன்னொரு ரகம் குறையை மட்டும் சொல்லும்: ‘சிஸ்டம் ஸ்லோவா இருக்குண்ணே, என்னன்னு பாருங்க.’ நான் பார்த்தவரையில் இரண்டாம் ரகத்துக்குத்தான் செலவு குறைகிறது.

சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்து நரசிங்கபுரம் தெருவுக்குள் நுழைந்தால் ரிச்சி தெரு. ரேடியோ உதிரிபாகக் கடைகளாகத் தொடங்கிய சந்தை இது. இப்போது தரைத்தளம் முழுக்க விற்பனை: கண்ணாடிக் கேபினெட்டுகள், வண்ண விளக்கு ஃபேன்கள், சிசிடிவி. வேலை நடப்பது மாடிகளில். ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டில் ஏறி, நான் உட்கார்ந்திருந்த சர்வீஸ் கடைக்குப் போனால் ஒரு நீள மேஜை, அதன்மேல் நாலைந்து கேபினெட்டுகள் வயிறு திறந்து கிடக்கும். கடையை நடத்துபவரை எல்லோரும் ‘பாய்’ என்கிறார்கள். கூட இரண்டு பையன்கள். ஒருவன் டிப்ளமோ, இன்னொருவன் பத்தாம் வகுப்போடு வந்தவன். கை வேகத்தில் பின்னவனை முன்னவன் இன்னும் பிடிக்கவில்லை.

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடித்துக் கொடுக்கும் டிடிபி கடைக்காரர். ஊரிலேயே யாரோ சொன்னார்கள் என்று நாலு ஜிபி ராம் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார். வேகத்தில் இம்மி வித்தியாசமில்லை. ‘டூப்ளிகேட் ராமைக் குடுத்துட்டான் பாய்’ என்று கொதித்தார். பாய் எதையும் கழற்றவில்லை. சிஸ்டத்தை ஆன் செய்து, திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். பொருத்தியிருப்பது 6 ஜிபி, பயன்படுவது 3.24 ஜிபி என்று அதிலேயே எழுதியிருந்தது.

“ராம் நல்ல ராம்தான் சார். உங்க விண்டோஸ் 32 பிட். நாலு ஜிபிக்கு மேல அதுக்குக் கண்ணு தெரியாது.”

“அப்ப 64 போட்டுடுங்க.”

“உங்க தமிழ் கீபோர்டு சாஃப்ட்வேர் எந்தக் காலத்துது?”

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். தமிழ்நாட்டு டிடிபி கடைகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது, கூடவே அந்தக் காலத்து எழுத்துருக்களும் கீபோர்டு மென்பொருளும். அவற்றில் 16 பிட் காலத்துத் துண்டுகள் இருந்தால் 64 பிட் விண்டோஸ் அவற்றைத் தொடவே தொடாது. பதினைந்து வருஷத்துப் பத்திரிகை மாதிரிகளெல்லாம் அந்த எழுத்துருவில்தான் கிடக்கின்றன. ‘அது ஓடலேன்னா எனக்குத் தொழிலே ஓடாது’ என்றார் அவர்.

பாய் ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தார். ஆரோக்கியம் காட்டும் இடம் மஞ்சளாக இருந்தது. ராமைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி, பழைய விண்டோஸ் 7-ஐ அப்படியே ஒரு எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துப் போட்டார். அந்த சிஸ்டத்துக்கு நெட் இணைப்பு கிடையாது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டார். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுபோனது. மாலையில் சிஸ்டத்தை ஆன் செய்தபோது, டீயைக் கீழே வைப்பதற்குள் டெஸ்க்டாப் வந்து நின்றது. அவர் இரண்டு முறை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது சுவாரஸ்யமானது. சாதாரண டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 120. வேண்டிய இடம் முள்ளுக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று ஆகும். நாலு மில்லி நொடிக்குச் சற்று மேல். முள் இடம் நகரும் நேரத்தையும் சேர்த்தால் பத்துக்கு மேல் போகும். நொடிக்கு நூறு தேடல்கூட அதனால் முடியாது. விண்டோஸ் எழுந்து வருவதற்குள்ளோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன கோப்புகளைத் தேடியாக வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவுமில்லை. விலை மலிவான ரகம்கூட நொடிக்குப் பல்லாயிரம் தேடலைச் சமாளிக்கும். அதனால்தான் நொடிக்கு 550 எம்பி ஓடும் சாதாரண சாட்டா எஸ்எஸ்டிக்கும் 3,500 ஓடும் என்விஎம்இ-க்கும் உள்ள வேறுபாடு ஆபீஸ் வேலையில் பெரிதாகத் தெரிவதில்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு வந்தால் யாருக்கும் தெரிகிறது. வாடிக்கையாளர்கள் ஒரே குரலில் திருப்தி சொல்லும் ஒரே அப்கிரேடு இதுதான். மற்ற எல்லாவற்றிலும் தகராறு உண்டு.

பெரிய தகராறு கிராபிக்ஸ் கார்டில். இன்ஜினியரிங் மாணவன் ஒருவன் பழைய ஆர்எக்ஸ் 580 கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கிரிப்டோ மைனிங் ஓடிய காலத்தில் இந்தக் கார்டுகளுக்கு அடிதடி. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் தேவையில்லாத முறைக்கு மாறியதும் மைனிங் கார்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய சந்தைக்கு வந்தன. மாணவன் கேட்டது ஒன்றே ஒன்று: மாட்டிக் கொடுங்கள்.

பத்தாம் வகுப்புப் பையன் கார்டைத் தொடவில்லை. கேபினெட்டின் உள்ளேயிருந்து, கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் போட்டுப் பார்த்தான். எடையிலேயே பாதி தெரிந்துவிடுமாம். பிறகு திருப்பி, பக்கவாட்டு ஸ்டிக்கரில் மேலே கொட்டை எழுத்தில் இருந்த 450 வாட்டை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்கு விரலைக் கொண்டுபோனான். 14 ஆம்பியர். செல்போனில் பெருக்கிக் காட்டினான்: 168 வாட். கார்டு மட்டுமே 185 வாட் வரை கேட்கும். நாலாம் தலைமுறை ஐ-ஃபைவ் புராசஸர் இன்னொரு 84. இரண்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான் சாப்பிட வேண்டும்.

“கேம் ஓடும் தம்பி. பத்து நிமிஷம் கழிச்சு ஆஃப் ஆகும். இல்லேன்னா போர்டையும் சேத்துத் தூக்கிட்டுப் போகும்.”

“எஸ்எம்பிஎஸ்-க்கு அவ்வளவு காசா? அது வெளியே தெரியக்கூடத் தெரியாதேண்ணே!”

அவன் சொன்னது பொய்யில்லை. தெருவில் விற்பனையாவதெல்லாம் வெளியே தெரிவதுதான். விளக்கு ஃபேன் வாங்கும் கை நல்ல எஸ்எம்பிஎஸ் என்றதும் பின்வாங்குகிறது. கடைசியில் அவன் கார்டோடு திரும்பிப் போனான். அடுத்த மாசம் எஸ்எம்பிஎஸ்-க்குக் காசு சேர்த்துக்கொண்டு வருவதாகச் சொன்னான். வேறு கடையில் மாட்டிக்கொண்டிருப்பான் என்பது பையனின் கணிப்பு.

இந்தத் தொழிலில் கைநுணுக்கம் தெரியும் இடம் புராசஸர். இன்டெல், 2004-லிருந்தே டெஸ்க்டாப் புராசஸரின் பின்களைப் போர்டுக்கு மாற்றிவிட்டது. ஏஎம்டி-யின் ஏஎம்-4 ரகத்தில் புராசஸரின் அடியில்தான் 1,331 பின்கள். மேலே கூலர். நடுவில் தடவிய பேஸ்ட் நாலைந்து வருஷத்தில் காய்ந்து கெட்டியாகிவிடும். அவசரப்பட்டுக் கூலரை மேலே இழுத்தால், லாக் போட்ட நிலையிலேயே புராசஸரும் சாக்கெட்டைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வரும். டிப்ளமோ பையன் அப்படி ஒன்றைக் கழற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் சிஸ்டத்தைப் பத்து நிமிஷம் ஓடவிட்டான், பேஸ்ட் இளகட்டும் என்று. அணைத்து, வயரைப் பிடுங்கி, ஸ்க்ரூக்களைக் குறுக்குவாட்டில் மாற்றி மாற்றித் தளர்த்தினான். பிறகு கூலரை இழுக்காமல், பாட்டில் மூடியைத் திருகுவதுபோல இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினான். ‘ப்ளப்’ என்று ஒரு சின்னச் சத்தம். கூலர் மட்டும் கையோடு வந்தது. வீட்டிலேயே யூடியூப் பார்த்துக் கழற்றிப் பின் வளைந்த புராசஸர்களும் வருகின்றன. அவற்றை நிமிர்த்த மேஜை டிராயரில் ஒரு மைக்ரோ டிப் பென்சில் வைத்திருக்கிறார்கள். முள் இல்லாத அதன் குழாய் முனையைப் பின் மேல் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்த வேண்டும்.

ஏஎம்-4 வைத்திருப்பவர்கள் பேச்சில் ஒரு பெருமை இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 2017-இல் வாங்கிய பல போர்டுகளில், பயாஸை அப்டேட் செய்துவிட்டால் 2020 கடைசியிலிருந்து வந்த ரைசன் 5000 வரிசையும் உட்காரும். அப்டேட்டைப் பழைய புராசஸர் இருக்கும்போதே செய்ய வேண்டும், நடுவில் கரண்ட் போகக் கூடாது. அதனால் அந்த வேலை மட்டும் யுபிஎஸ்ஸில். இன்டெல்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் ஒன்றே, 1151. ஆனாலும் எட்டாம் தலைமுறை பழைய போர்டில் ஓடாது. பெயரைப் பார்த்துப் பழைய மால் வாங்கிவந்து ஏமாறுபவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

அந்த எட்டாம் தலைமுறை என்ற கோடு இப்போது இன்னொரு சண்டையையும் கிளப்பியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, அதோடு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல். 2017-இல் பெரிய விலை கொடுத்து வாங்கிய ஏழாம் தலைமுறை ஐ-செவன் வெளியே நிற்கிறது. அதைவிடச் சோப்ளாங்கியான பிந்தைய புராசஸர் உள்ளே போகிறது. ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர், ‘டாலி நல்லா ஓடுது, ஜிஎஸ்டி ஃபைலிங் நல்லா ஓடுது, எதுக்கு சார் நான் மாத்தணும்?’ என்று கேட்டார். பாயிடம் நேரான பதில் இல்லை. குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றிக் கொடுக்கும் கடைகள் தெருவில் உண்டு. கணக்கு வழக்கு இருக்கும் சிஸ்டத்தில் இவர் அதைச் செய்வதில்லை. என்னைக் கேட்டால், ஓடுகிற இயந்திரத்தை மென்பொருள் குப்பைக்கு அனுப்புவதை அப்கிரேடு என்று சொல்லவே கூடாது.

ராம் விலை பற்றிய புலம்பல் 2025 கடைசியில் தொடங்கியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே சிப்புகள் போவதால் சில மாதங்களில் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. டிசம்பரில் மைக்ரான் தன் குரூஷியல் சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. வாடிக்கையாளருக்கு இதெல்லாம் கதை. ‘போன தடவை பாதி விலைக்குக் குடுத்தீங்களே’ என்பதுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு, திட்டு வாங்குவது மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். டிஸ்ப்ளே வரவில்லை, போர்டு போய்விட்டது, புதுசு எவ்வளவு ஆகும் என்று ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். பத்தாம் வகுப்புப் பையன் ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட அழிரப்பரால் இரண்டு பக்கமும் தேய்த்தான். ஸ்லாட்டில் பிரஷ் விட்டான், துகளை ஊதித் தள்ளி, ‘க்ளிக்’ கேட்கும்வரை அழுத்தினான். டிஸ்ப்ளே வந்தது. கடலோர ஊரின் ஈரக்காற்றும் தூசியும் செய்த வேலை. சர்வீஸ் சார்ஜ் முந்நூறு என்றதும் வந்தவர் முகம் மாறிவிட்டது. ‘ரப்பர் போட்டுத் தேய்ச்சதுக்கா?’ சற்று முன்புவரை பல ஆயிரம் கொடுக்கத் தயாராக நின்ற அதே மனிதர். பேரம் பேசி நூற்றைம்பதில் முடித்தார்.

“புது போர்டு மாட்டியிருந்தா சந்தோஷமாப் போயிருப்பாரு. எனக்கும் அதுல மார்ஜின் நின்னிருக்கும்,” என்றார் பாய், கோபமில்லாமல்.

தெருவில் தேவையில்லாத அப்கிரேடுகள் நடப்பதற்கு வியாபாரிகளின் பேராசையைக் காரணம் சொல்வது வழக்கம். அது பாதிதான். பொருளுக்குக் காசு கொடுப்போம், பார்த்துச் சொன்னதற்குக் கொடுக்க மாட்டோம் என்று நாம் அடம்பிடிக்கும்வரை, ‘உங்களுக்கு ராம் தேவையில்லை’ என்று சொல்பவருக்கு அன்றைக்கு வரும்படி கிடையாது. மாட்டி விடுபவருக்கு உண்டு. இன்னும் எத்தனை நாளைக்கு அவர் உண்மையைச் சொல்வார்?

ஆகவே அடுத்த முறை போகும்போது பொருளின் பெயரைச் சொல்லாதீர்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எந்த இடத்தில் சிஸ்டம் நிற்கிறது என்று சொல்லுங்கள். பார்த்துச் சொன்னதற்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க் மாற்றினால் பழையதைக் கடையில் விட்டுவிட்டு வர வேண்டாம்: உங்கள் ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அதில்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை.