பெயரும் பொறுப்பும்

இராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் அரைமணி நேரப் பயணமே. மேற்கே மலைத்தொடர் உடன்வர, தொலைவிலேயே கோபுரம் தென்படும். இறங்கியதும் பால்கோவாக் கடைகள். ஊருக்குத் திரும்புவோர் கையில் ஒரு பொட்டலமேனும் இல்லாமல் திரும்புவதில்லை. இளமையில் அவ்வழியே பலமுறை சென்று வந்த நமக்கு, அவ்வூர்ப் பெயரைக் கேட்டாலே இனிப்பு நினைவுக்கு வரும். அதனோடு ஒரு வெட்கமும் நினைவுக்கு வரும்.

நாம் கல்லூரியில் பயின்ற காலம். நம் தாய்மாமன் வேறொரு மாவட்டத்தில் சிறு தேநீர்க் கடை நடத்தி வந்தார். விடுமுறைக்குச் சென்றிருந்த நம்மிடம், “உன் எழுத்து அழகாயிருக்கும், ஒரு பலகை எழுதிக் கொடு” என்றார். ‘திருவில்லிபுத்தூர் பால்கோவா இங்குக் கிடைக்கும்’ என்று எழுதிக் கொடுத்தோம். பால்கோவாவோ அவர் வீட்டு அடுப்பில் கிண்டியது. அதில் தவறிருப்பதாக நமக்கு அன்று தோன்றவே இல்லை.

ஒருநாள் முதியவர் ஒருவர் பலகையைப் பார்த்து மகிழ்ந்து உள்ளே வந்தார். ஒருவாய் உண்டவர், மீதியை இலையிலேயே வைத்துவிட்டு, “தம்பி, இது எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டார். உண்மையைச் சொன்னோம். “பாலும் சர்க்கரையும் எல்லா ஊரிலும் உண்டு. யார் வேண்டுமானாலும் கிண்டலாம். ஆனால் கிண்டியவர் நீங்கள், கெட்ட பெயர் எங்கள் ஊருக்கா?” என்றார். காசைக் குறையாமல் வைத்துவிட்டுப் போனார். அவர் கடிந்து பேசியிருந்தால் மறந்திருப்போம்.

இந்நிகழ்ச்சி அண்மையில் மீண்டும் நினைவுக்கு வரக் காரணமானவர்கள் இராஜபாளையத்து மாணவர்கள் சிலர். கட்டற்ற மென்பொருள் ஒன்றைக் கற்றுப் பிறர்க்கும் கற்பிக்க அவர்கள் ஒரு பயனர் குழு அமைத்திருந்தனர். அம்மென்பொருளின் பெயரையே தம் இணையதளத்திற்கு இட்டு, அதன் சின்னத்தில் தம் ஊர்ப் பெயரைச் சேர்த்து, ‘அதிகாரபூர்வக் குழு’ என்றும் அறிவித்துவிட்டனர். சின்னம் பொறித்த சட்டைகளும் விற்பனைக்கு வந்தன. மென்பொருளின் உரிமையாளரிடமிருந்து, இவற்றைத் திருத்திக்கொள்ளுமாறு பணிவான கடிதம் ஒன்று வந்தது. மாணவர்கள் மனம் நொந்தனர். “ஐயா, மென்பொருளைக் கட்டற்றது என்கிறார்கள், பெயரை மட்டும் ஏன் கட்டி வைக்கிறார்கள்?” என்று கேட்டனர்.

நியாயமான வினாதான். மென்பொருளுக்குரிய உரிமம், அதைப் படியெடுக்கவும் திருத்தவும் பகிரவும் இசைவு தருகிறது. அது செய்முறையைப் போன்றது. பெயரோ, ‘இது இன்னாரிடமிருந்து வருகிறது’ என்று மக்களுக்குத் தரும் வாக்கு. செய்முறையைப் பலர் பகிர்ந்துகொண்டால் அது வளரும். வாக்கை ஆளுக்கொருவர் தம் விருப்பம்போல் பயன்படுத்தினால் அது பொய்யாகும்.

காவலில்லாத பெயருக்கு நேர்வதை லினக்ஸ் வரலாறு காட்டும். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய அப்பணியில் உலகெங்கும் பலர் கைகோத்தனர். பெயரைப் பதிவு செய்ய ஒருவரும் எண்ணவில்லை. அமெரிக்காவில் தொடர்பற்ற ஒருவர் 1994-இல் விண்ணப்பித்து, அப்பெயரைத் தம் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டார். பிறகு அதைப் பயன்படுத்துவோரிடம் பணமும் கேட்டார். வழக்காடிய பின்னரே, 1997-இல் பெயர் டோர்வால்ட்ஸிடம் வந்து சேர்ந்தது.

பெயரின் விதியை ஏற்க இயலாதவர் என் செய்வது? அதற்கும் ஒரு வழியுண்டு. ஃபயர்பாக்ஸ் உலாவியின் சின்னம், திருத்தங்களுக்கான ஒப்புதல் ஆகியவை பற்றிய நிபந்தனைகள் தெபியன் குழுவினர்க்கு ஒவ்வவில்லை. 2006-இல் அவர்கள் அம்மென்பொருளையே எடுத்து, ‘ஐஸ்வீசல்’ என்று வேறு பெயரிட்டு வழங்கினர். நெருப்பு நரி பனி மரநாய் ஆயிற்று! 2016-இல் உடன்பாடு ஏற்பட்டுப் பழைய பெயர் திரும்பியது. இடையில் எவரும் ஏமாற்றப்படவில்லை.

நம் நாட்டிலும் ஊர்ப் பெயர்களைக் காக்கப் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு, 2003-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னையிலேயே உள்ளது. முதலில் இடம்பெற்றது டார்ஜிலிங் தேயிலை. திருவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் அக்குறியீட்டைப் பெற்றது. வணிகச் சின்னத்தை ஒருவர் மற்றொருவர்க்கு விற்கலாம். புவிசார் குறியீட்டை விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. அது அம்மண்ணின் உற்பத்தியாளர் அனைவர்க்கும் பொது. அவருள் எவரும் பயன்பாட்டாளராகப் பதிவு செய்துகொள்ள விண்ணப்பிக்கலாம்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. காவல் வேலி, எளியவரை வெளியே நிறுத்தும் மதிலாகிவிடக் கூடாது. வீட்டடுப்பில் கிண்டி விற்கும் அவ்வூர்ப் பெண்ணுக்கு விண்ணப்பத் தாளை நிரப்பத் தெரியாமற்போனால், பெயர் வல்லார் கைப்பொருளாகும். படித்த மாணவர்கள் அவர்களுக்கு உதவ முன்வருதல் நன்று. மென்பொருளிலும் அவ்வாறே, பெயரைக் காப்போர், ஊரூராய் அதைப் பரப்பும் தொண்டர்களை அஞ்சச் செய்யாமல், எவை கூடும், எவை கூடா என்று தெளிவாக எழுதி வைத்தல் வேண்டும்.

மாணவர்களிடம் முதியவரின் கதையைச் சொன்னோம். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவர்களே விதி வகுத்தனர்: சின்னத்தை மாற்றுவதில்லை, ‘அதிகாரபூர்வ’ என்னும் சொல் வேண்டாம், ‘இம்மென்பொருளைப் பயன்படுத்துவோரின் தனிக் குழு’ என்று முகப்பிலேயே எழுதுவது, இசைவின்றிச் சட்டை விற்பதில்லை. குழுவுக்குத் தம் ஊர்ப் பெயரையே இட்டனர். “இனி எங்கள் ஊர்ப் பெயரைக் காக்க வேண்டியதும் நாங்கள்தாம், ஐயா” என்றான் அவர்களுள் இளையவன்.

மாமாவின் கடைப்பலகையை அன்றே நாம் அழித்து எழுதியிருக்கலாம். ‘எங்கள் வீட்டுப் பால்கோவா’ என்று எழுதியிருந்தால், அம்முதியவர் இலையில் மீதி வைத்திருக்கமாட்டார் என்றே இன்று தோன்றுகிறது.