வகுத்துப் பாருங்கள், பயம் போய்விடும்

 

கொஞ்ச நாளாக உங்களில் பலர் எனக்கு ஒரே மாதிரி செய்தி அனுப்புகிறீர்கள். "டீச்சர், ஆரம்பிக்கிறேன், பத்து நாளில் விட்டுப்போகுது." ஒருத்தருக்குக் குரூப் 2 பரீட்சை. ஒருத்தருக்கு நடைப்பயிற்சி. ஒருத்திக்குப் பாதியில் நின்ற டிகிரி. "நாற்பது வயசாச்சு, இனிமே என்ன டீச்சர்?" என்று அவள் கேட்டிருந்தாள். அவளுக்கு எழுத நினைத்த பதிலை உங்கள் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

நம் மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை அறியாதவர் இல்லை. உங்கள் தாத்தா பாட்டிக்கு அங்கேதான் கண்புரை ஆபரேஷன் நடந்திருக்கும். அதை ஆரம்பித்த டாக்டர் ஜி. வெங்கடசாமி 1918-ல் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். 1944-ல் மருத்துவப் படிப்பை முடித்து ராணுவத்தில் சேர்ந்தார். பிரசவ டாக்டராக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ஆனால் 30 வயதில் கடுமையான முடக்குவாதம் வந்தது. மாதக்கணக்கில் படுத்த படுக்கை. கை விரல்கள் கோணிப்போயின. ராணுவ வேலையும் போனது.

பேனா பிடிக்கவே சிரமப்பட்ட அந்த மனிதர், பிறகு கண் மருத்துவம் படித்தார். அந்தக் கோணல் விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, ஆபரேஷன் கத்தியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். வாழ்நாளில் அவர் செய்த கண் ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

ஒரு லட்சம் என்றதும் மலைப்பாக இருக்கிறது அல்லவா? இப்போது வகுத்துப் பாருங்கள். 35 வருடம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்குச் சுமார் 2,860. ஒரு நாளைக்கு எட்டு. எட்டு என்றால் மலைப்பு இல்லை. ஆனால் அந்த எட்டை நாள் தவறாமல் செய்ய வேண்டும். கஷ்டம் அங்கேதான், பெருமையும் அங்கேதான்.

அரசு வேலையில் ஓய்வு பெற்றபின், 1976-ல், 11 படுக்கைகளோடுதான் அரவிந்தைத் தொடங்கினார். நாம் பென்ஷன் பேப்பரைத் தேடும் வயது அது. இன்று தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என்று அது விரிந்திருக்கிறது. அங்கே ஒரு ஏற்பாடு உண்டு. டாக்டர் ஒரு மேசையில் ஆபரேஷன் செய்யும்போதே, பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைச் செவிலியர்கள் தயாராக வைத்திருப்பார்கள். அதனால் 'அடுத்து என்ன?' என்று யோசித்து நேரம் போவதில்லை. நமக்கும் இதுதான் பாடம். மன உறுதியை மட்டும் நம்பாதீர்கள். நாளைக்குப் படிக்க வேண்டிய பக்கத்தை இன்றைக்கே திறந்து வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

நான் செய்து பார்த்ததையும் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெண் பிள்ளை. கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது அவளுக்கு எழுத்து விட்டுப்போனது. ஆறாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாது. யாராவது வாசிக்கச் சொன்னால் வயிற்றுவலி என்பாள். படிப்பையே நிறுத்திவிடலாமா என்று அவள் அம்மா யோசித்துக்கொண்டிருந்தார். நான் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திண்ணையில் உட்காரச் சொன்னேன். 247 எழுத்து, நாளைக்கு மூன்று, மொத்தம் 83 நாள். கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டினேன். திருவிழா, காய்ச்சல் என்று சில நாள் விட்டுப்போனது. மறுநாள் ஆறு எழுத்து சொல்லித் தரவில்லை. அன்றைக்கும் மூன்றுதான். விட்டதை வட்டியோடு கட்டச் சொன்னால் பிள்ளை திண்ணைப் பக்கமே வந்திருக்காது. நான்கு மாதம் ஆனது. இப்போது பஸ் போர்டைப் பார்த்து "திருமங்கலம், உசிலம்பட்டி" என்று தானே வாசிக்கிறாள். பள்ளிக்கும் போகிறாள்.

மேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தைரியமாகச் சொல்வீர்கள், "எங்களுக்கு ஒழுங்கு வராது டீச்சர்" என்று. மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளா இப்படிச் சொல்வது? விடியுமுன் மொட்டுப் பறிக்காவிட்டால் பூ மலர்ந்துவிடும், விலை போகாது. மனசு சரியில்லை என்று உங்கள் அம்மா ஒரு நாளாவது பறிக்காமல் இருந்தாரா? ஒழுங்கு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதில் ஒரு அரை மணி நேரத்தை உங்கள் புத்தகத்துக்கும் கொடுங்கள்.

எனவே இன்று ராத்திரி மூன்று வேலை செய்யுங்கள். உங்கள் லட்சியத்தை நாள் கணக்கில் வகுத்து எழுதுங்கள். அதற்கு ஒரு நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தவறினால், மறுநாள் அன்றைய பங்கை மட்டும் செய்வது என்று முடிவெடுங்கள்.

உங்கள் வகுத்தல் கணக்கைக் கீழே எழுதுங்கள். விடை தப்பாக இருந்தால் திருத்தித் தருகிறேன், சிவப்பு மை இன்னும் தீரவில்லை!

நல்லா இருங்கள் பிள்ளைகளே.