தோப்பில் மூன்று பங்காளிகள்

காலை ஏழு மணிக்கு மாட்டுத்தொட்டி விளிம்பில் ஒரு காக்கை வந்து உட்காருகிறது. அலகில் காய்ந்துபோன இட்லித் துண்டு. அதைத் தண்ணீரில் முக்குகிறது, எடுக்கிறது, மறுபடி முக்குகிறது. நன்றாக ஊறிய பிறகுதான் விழுங்குகிறது. மாமல்லபுரத்தை ஒட்டிய தோப்புகளில் நாலு நாள் திண்ணையில் பொறுமையாக உட்காருபவர் கண்ணில் இது பட்டுவிடும்.

‘காக்கா’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தோப்புகளில் இருப்பதோ மூன்று பங்காளிகள். கழுத்தில் சாம்பல் பூசியது ஊர்க்காக்கை. உடம்பெல்லாம் கறுத்து, அலகு தடித்தது அண்டங்காக்கை. மூன்றாவது, வால்காக்கை. செம்பழுப்பு உடல், கரிய தலை, சாண் நீள வால். காக்கைக் குடும்பம் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள்.

பிழைப்பும் வேறு வேறு. ஊர்க்காக்கைக்கு மனிதர்கள் வேண்டும். அடுப்பு எரியாத இடத்தில் அதைப் பார்ப்பது அரிது. அண்டங்காக்கை செத்த எலியையும் விடாது, பிற பறவைகளின் முட்டையையும் விடாது. கோழி குஞ்சு பொரித்த வீட்டில் அதன்மேல் எப்போதும் ஒரு கண் இருக்கும். வால்காக்கைக்கு மரமே உலகம். பனைமட்டை இடுக்கில் தொங்கியபடி பூச்சி தேடும். தரைக்கு இறங்குவது அபூர்வம்.

கடற்கரையில் கரைவலை இழுக்கும் நேரம் காக்கைகளுக்குத் தெரியும். பங்குனி ஆமைக் குஞ்சுகள் இருட்டில் மணலைவிட்டு வெளிவந்தால் தப்பும். விடிந்தபின் வரும் குஞ்சு அலையைத் தொடுவது கஷ்டம்.

இத்தனை கெட்டிக்காரப் பறவையையும் குயில் ஏய்த்துவிடுகிறது. கோடையில் ஆண்குயில் கூட்டருகே கூவும். காக்கைகள் அதை விரட்டிப் போகும்போது பெண்குயில் வந்து முட்டையிட்டுப் போய்விடும். பிறகு காக்கைதான் குயில்குஞ்சுக்கு இரை ஊட்டி வளர்க்கும்.

1890களில், குப்பையைத் தின்னட்டும் என்று சான்சிபார் தீவுக்கு ஊர்க்காக்கையைக் கொண்டுபோனார்கள். அது கிழக்கு ஆப்பிரிக்கக் கரையெங்கும் பெருகி, அங்குள்ள பறவைகளின் கூடுகளைச் சூறையாடியது. 2024இல் கென்யா பத்து லட்சம் காக்கைகளை ஒழிக்கத் திட்டம் அறிவித்தது.

இங்கே அது சொந்த மண்ணில் இருக்கிறது, மாறிக்கொண்டிருப்பது மண்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் தோப்புகள் மனைகளாகின்றன. கட்டடம் எழும் இடத்தில் ஊர்க்காக்கைக்குக் குறைவில்லை. வேம்பிலிருந்து விழுந்த ஒரு கூட்டைக் கையில் எடுத்தால் கனக்கிறது. சுள்ளிகளுக்கு நடுவே அத்தனையும் கட்டுக்கம்பி. மதிலுக்கு அப்பால் இன்னும் வெட்டாமல் நிற்கும் இரண்டு பனைகளில் வால்காக்கை ஒன்று மட்டைக்கு மட்டை தாவிக்கொண்டிருக்கிறது.