லாஸ்ட் டேட் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுதா?

சினிமா, சமையல், எக்ஸாம் புலம்பல்னு எழுதிட்டிருந்த நான் இந்த வாட்டி கொஞ்சம் சீரியஸா எழுதப் போறேன். மொக்கை கம்மியாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தா எங்க தெருவுல ரெண்டே கேள்விதான். "எவ்ளோ மார்க்?" "எந்தக் காலேஜ்?" ரெண்டாவது கேள்விக்கு ஜூலைக்குள்ள பதில் சொல்லலைன்னா மூணாவது கேள்வி தானா வந்துடும். பையனா இருந்தா "எந்தக் கம்பெனி?" பொண்ணா இருந்தா "எந்த ஊர் மாப்ள?"

எங்க ஊர் தளவானூர், செஞ்சி பக்கம். 2021-ல தென்பெண்ணையில தடுப்பணை உடைஞ்சுதே, அந்தத் தளவானூர் இல்லைங்க. அது விழுப்புரத்துக்குக் கிட்ட இருக்கற வேற ஊர். எங்க ஊர்ல மகேந்திரவர்ம பல்லவன் குன்றைக் குடைஞ்சு செஞ்ச குகைக்கோயில் இருக்கு. சத்ருமல்லேஸ்வரம்னு பேரு. ஏழாம் நூற்றாண்டுல பாறையைக் குடைஞ்சவங்க ஊர்ல, இருபத்தியோராம் நூற்றாண்டுல காலேஜ் சீட்டு வாங்கறது அதை விடக் கஷ்டமா இருந்துச்சுன்னா நம்புவீங்களா?

நான் ப்ளஸ் டூ முடிச்சது 2023-ல. மே 8-ம் தேதி ரிசல்ட். காமர்ஸ் குரூப். மொழிப்பாடம் போக மீதி நாலு பாடத்துல 400-க்கு 318. அரசுக் கலைக் கல்லூரியில ரேங்க் போடறது இந்த நானூறை வச்சுத்தான். எங்க வீட்ல காலேஜ் வாசப்படி மிதிச்சவங்க யாரும் கிடையாது, அதனால 318-ன்னதும் அப்பா ஊரெல்லாம் லட்டு குடுத்துட்டாரு. பி.காம்.க்கு 318 எந்த மூலைக்குன்னு அப்ப எங்க வீட்ல யாருக்கும் தெரியாது.

கையில மூணு சாய்ஸ் இருந்துச்சு. ஒண்ணு, சென்னையில ஒரு கல்லூரி. செலக்‌ஷன் லிஸ்ட்ல என் பேரு இல்ல. ரெண்டாவது லிஸ்ட்லயும் இல்ல.

அடுத்தது ஒரு அரசுக் கல்லூரி. கவுன்சிலிங் அன்னிக்கு அப்பாவும் நானும் காலைல முதல் பஸ்ஸுக்கே கிளம்பிப் போனோம். என் ரேங்க் வர்றதுக்கு முன்னாடியே எங்க பிரிவுக்கான பி.காம். சீட்டெல்லாம் காலி. "வேற டிபார்ட்மென்ட்ல சேர்ந்துக்கறியாம்மா?"ன்னு கேட்டாங்க. அப்பா "ஏதோ ஒண்ணு சேரும்மா"ன்னு சொன்னாரு. எனக்கு அக்கவுண்டன்சி பிடிக்கும். பேலன்ஸ் ஷீட் ரெண்டு பக்கமும் டேலி ஆகறப்ப வர்ற சந்தோஷம் எனக்கு வேற எதுலயும் வந்ததில்ல. வேணாம்னுட்டேன்.

மூணாவது, பெரியப்பா சொன்ன தனியார் கல்லூரி. ஃபீஸ், பஸ் ஃபீஸ், யூனிஃபார்ம்னு கூட்டிப் பார்த்தா, அந்த வருஷம் செஞ்சி கமிட்டியில மல்லாட்ட போட்ட காசு மொத்தமும் குடுத்தாக்கூட பத்தாது. அப்பா அந்த பேப்பரை மடிச்சு சட்டைப் பையில வச்சாரு. அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்ல.

ஜூலை வந்துடுச்சு. அம்மா சொன்னாங்க, "ஒரு வருஷம் வீட்ல இரு, அப்புறம் பார்க்கலாம்." சிட்டியில இருக்கற ஃப்ரெண்ட்ஸ் இதைப் படிச்சா "அதனால என்ன, கேப் இயர் தானே"ன்னு நினைப்பீங்க. உங்க ஊர்ல கேப் இயர்னா கோச்சிங் போவாங்க, ஏதாவது கோர்ஸ் பண்ணுவாங்க. எங்க ஊர்ல அந்த ஒரு வருஷத்துல களை எடுக்கப் போவாங்க, இல்லைன்னா ஜாதகத்தை எடுப்பாங்க. "அப்புறம் பார்க்கலாம்"ன்னு சொன்னவங்க யாரும் அப்புறம் பார்த்ததா சரித்திரமே இல்ல.

இந்த இடத்துலதான் செஞ்சியில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கற ஒரு அக்கா வர்றாங்க. வருமானச் சான்று ஒண்ணு ஜெராக்ஸ் எடுக்கப் போனப்ப "எங்க சேர்ந்திருக்க?"ன்னு கேட்டாங்க. எங்கயும் இல்லக்கா, அட்மிஷன் முடிஞ்சு போச்சுன்னேன். அவங்க மெஷினைக் கூட நிறுத்தாம சொன்னாங்க: "முடிஞ்சுதுன்னு யாரு சொன்னா? முதல் ரெண்டு கவுன்சிலிங் முடிஞ்சிருக்கு. அவ்ளோதான்."

அக்கா எம்.காம். படிச்சவங்க. அவங்க சொல்லித்தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. காலேஜ் சீட்டுங்கறது ஒரே நாள்ல நிரம்பிப் போற பஸ் சீட்டு மாதிரி இல்ல. வழியில இறங்கிட்டே இருப்பாங்க. அரசுக் கலைக் கல்லூரி கவுன்சிலிங் முதல்ல முடிஞ்சுடும். இன்ஜினியரிங், மெடிக்கல், அக்ரி, நர்சிங் எல்லாம் அதுக்கப்புறம் ஒண்ணு ஒண்ணா நடக்கும். அதுல இடம் கிடைச்சவங்க இங்க டி.சி. வாங்கிட்டுப் போவாங்க. அந்த இடம் காலியாகும். எந்தப் பிரிவுல காலியாச்சோ அந்தப் பிரிவுல அடுத்த ரேங்க்ல இருக்கறவங்களைக் கூப்பிடுவாங்க. மீதி இருந்தா மறுபடி அப்ளை பண்ணச் சொல்லி அறிவிப்பு வரும், இல்லைன்னா கல்லூரியிலேயே நேரடி சேர்க்கை நடக்கும். காமர்ஸ்ல சயின்ஸ் அளவுக்குக் காலி விழாது. ஆனா ஒண்ணு ரெண்டாவது விழும்.

2023-ல தமிழ்நாட்டுல 164 அரசு கலை அறிவியல் கல்லூரிகள்ல ஒரு லட்சத்து ஏழாயிரத்துக்கு மேல இடம் இருந்துச்சு. அதுல ஒரு இடம் எனக்கு வேணும். அவ்ளோதானே கணக்கு?

அக்கா கடையிலேயே உட்கார்ந்து, வீட்டுல இருந்து இன்னும் தூரமா இருக்கற வேற ஒரு அரசுக் கல்லூரிக்கு அப்ளை பண்ணேன். அப்ளிகேஷன் 48 ரூபா, பதிவுக் கட்டணம் 2 ரூபா. (எஸ்.சி., எஸ்.டி. பசங்களுக்கு அந்த 2 ரூபா மட்டும்தான்.) ஓ.டி.பி. அப்பா ஃபோனுக்குப் போச்சு, அப்பா கொல்லியில இருந்தாரு, சிக்னல் இல்ல... அது தனிக் கதை. அப்புறம் மூணு தடவை அந்தக் கல்லூரிக்கு நேர்ல போனேன். முதல் தடவை "இப்போதைக்கு இல்லம்மா." ரெண்டாவது தடவை "அடுத்த வாரம் வந்து பாரு." மூணாவது தடவை, ஒருத்தர் டி.சி. வாங்கிட்டுப் போயிருந்தாங்க. அது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்!

ஆகஸ்ட்ல சேர்ந்தேன். லேட்டா சேர்றது ஒண்ணும் ஜாலி இல்லைங்க. கிளாஸ் ஆரம்பிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆயிருந்துச்சு. எல்லாரும் அவங்கவங்க கேங் சேர்ந்துட்டாங்க. பெஞ்சுல எனக்குன்னு இடமே இல்ல. ரெண்டே வாரத்துல இன்டர்னல். போக ரெண்டு பஸ், வர ரெண்டு பஸ். ஆனா மூணாவது மாசம் யாருக்கும் ஞாபகமே இல்ல, நான் லேட்டா வந்தவன்னு. புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா என் அக்கவுண்ட்ல வந்துச்சு. அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்ச திட்டம் அது. முதல் மாசப் பணம் வந்த அன்னிக்கு அம்மா "அப்புறம் பார்க்கலாம்"ங்கற பேச்சையே விட்டுட்டாங்க.

இப்ப கொஞ்சம் பழைய கதை. நம்ம விழுப்புரம் ஜங்ஷன்ல 1910-ல ஒரு இளைஞர் ரயில் மாறி திருக்கோவிலூர் போயிருக்காரு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில ஸ்காலர்ஷிப் போச்சு, சென்னை பச்சையப்பன் கல்லூரியில சேர்ந்தும் எஃப்.ஏ. பாஸாகல. கையில ஒரு நோட்டு. பேரு ராமானுஜன். கணித மேதை ராமானுஜனேதான்! அவரு பார்க்கப் போனது திருக்கோவிலூர்ல டெபுடி கலெக்டரா இருந்த வி. ராமசாமி ஐயரை. இந்தியக் கணிதவியல் கழகத்தை 1907-ல ஆரம்பிச்சவரு. ஒரு கிளார்க் வேலை கேட்டுத்தான் ராமானுஜன் போனாரு. ராமசாமி ஐயர் நோட்டைப் பார்த்துட்டு, வேலை தரல. அறிமுகக் கடிதம் குடுத்து சென்னைக்கு அனுப்பி வச்சாரு.

அங்க இருந்து ஒருத்தர் கை மாத்தி ஒருத்தர். 1912 மார்ச்ல சென்னை துறைமுகத்துல 30 ரூபா சம்பளத்துல கிளார்க் வேலை. அதுவும் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல (காமர்ஸ் மக்களே, நம்ம ஆளுதான்!). 1913 ஜனவரியில கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம். அதே வருஷம் மே மாசம், டிகிரியே இல்லாத அவருக்கு சென்னைப் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபா ஆராய்ச்சி உதவித்தொகை குடுத்துச்சு. அப்ப அவருக்கு வயசு 25. கேம்பிரிட்ஜ்ல பி.ஏ. வாங்கினது 1916-ல.

"பாரு, ராமானுஜனே ஃபெயிலு"ன்னு சொல்றதுக்காக இதை எழுதல. அந்த டயலாக்கை நாம நிறைய கேட்டாச்சு. ஃபெயிலானவங்க எல்லாம் ராமானுஜன் ஆயிட மாட்டாங்க. எனக்கு இந்தக் கதையில பிடிச்சது திருக்கோவிலூர்தான். அடுத்து யாரைப் பார்க்கணும், எந்தக் கதவைத் தட்டணும்னு தெரிஞ்ச ஒருத்தர் அங்க இருந்தாரு. அவ்வளவு பெரிய மூளைக்கே அப்படி ஒருத்தர் தேவைப்பட்டாருன்னா 318 மார்க்குக்கு ஒரு ஜெராக்ஸ் கடை அக்கா தேவைப்படாதா?

என் பெஞ்ச்மேட் ஒருத்தி. என்னை விட 22 மார்க் அதிகம். அவளுக்கும் முதல் கவுன்சிலிங்ல நினைச்ச சீட் கிடைக்கல. அவங்க வீட்ல "முடிஞ்சு போச்சு"ன்னு முடிவு பண்ணி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு அனுப்பிட்டாங்க. ஹாஸ்டல், ஷிஃப்ட். நான் சேர்ந்துட்டேன்னு ஃபோன் பண்ணப்ப "அப்படியெல்லாம் கூட சேரலாமாடி?"ன்னு கேட்டா. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. மார்க்ல அவ முன்னாடி இருந்தா, ஆனா தேதி சொல்ல அவளுக்கு ஆள் இல்ல.

அதனால தெரிஞ்சதை எல்லாம் இங்க போட்டு வைக்கறேன். யாருக்காவது உதவும்.

முதல்ல, கவுன்சிலிங் முடிஞ்சாலும் கல்லூரிக்கு நேர்ல போய்க் கேளுங்க. டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்று எல்லாம் ஒரே ஃபைல்ல ரெடியா இருக்கட்டும். சீட் காலியாகற அன்னிக்கு ஜெராக்ஸ் தேடி ஓடக் கூடாது.

ப்ளஸ் டூல ஒரு பாடம் போச்சா? துணைத்தேர்வு எழுதி பாஸ் பண்ணா அதே வருஷமே காலேஜ்ல சேரலாம்.

எங்கயுமே சேராதவங்களுக்காக "உயர்வுக்குப் படி"ன்னு நான் முதல்வன் திட்டத்துல முகாம் நடத்துறாங்க. 2023-லயும் 2024-லயும் நடந்துச்சு. கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எல்லாரும் ஒரே இடத்துக்கு வருவாங்க. உங்க மாவட்டத்துல எப்பன்னு படிச்ச பள்ளியிலேயே கேளுங்க.

பயத்துல ஒரு தனியார் கல்லூரியில பணம் கட்டிட்டு, அப்புறம் வேற சீட் கிடைச்சுதா? ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு யு.ஜி.சி. 2018-லேயே சொல்லியாச்சு. 2024-25 கல்வியாண்டுக்கு செப்டம்பர் 30 வரைக்கும் விலகினா முழு ஃபீஸும் திருப்பித் தரணும், அக்டோபர் 31 வரைக்கும்னா அதிகபட்சம் 1000 ரூபா பிடிச்சுக்கலாம்னு சொல்லியிருந்தாங்க. தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும், அந்த வருஷ அறிவிப்பைப் பாருங்க.

எதுவுமே அமையலைன்னா தொலைதூரக் கல்வி இருக்கு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ ரெண்டுலயும் ஜூலை ஒரு வாட்டி, ஜனவரி ஒரு வாட்டின்னு சேர்க்கை உண்டு. வேலைக்குப் போயிட்டே படிக்கலாம். என் பெஞ்ச்மேட் இப்ப அதுல பி.காம். சேர்ந்திருக்கா. ஃபார்ம் ஃபில் பண்ணது யாருன்னு கேக்கறீங்களா? ஹி ஹி... அடியேன்தான். அவ நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து தூங்காம உட்கார்ந்து ஓ.டி.பி. சொன்னா.

லேட் ஆகறது தப்பே இல்லைங்க. லேட் ஆனவங்களுக்கு அடுத்த தேதியைச் சொல்ல ஆள் இல்லாததுதான் பிரச்சனை. வெப்சைட்ல எல்லாம் இருக்குதான், ஆனா அது இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் இருக்கு.

காலேஜ்ல படிக்கற எல்லாருக்கும் ஒரே ஒரு வேலை. அடுத்த ரிசல்ட் வர்றப்ப உங்க தெருவுல ப்ளஸ் டூ முடிச்சவங்க யாருன்னு பாருங்க. எவ்ளோ மார்க்னு கேக்காதீங்க, அதை ஊரே கேட்டிருக்கும். ஜூலை கடைசியில ஒரு நாள் அவங்க வீட்டுக்குப் போய் "எங்கயாவது சேர்ந்துட்டியா?"ன்னு கேளுங்க. இல்லைன்னு சொன்னா, அடுத்த தேதி என்னன்னு பார்த்துச் சொல்லிட்டு வாங்க.