தொழிற்பெயரும் எச்சமும்

ஆங்கிலத்தைச் சிங்கள மாணவர்கள் தம் பேச்சு வழக்கிற் 'கடுவ' என்பர். வாள் என்பது அதன் பொருள். கிராமப் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம் புகும் தமிழ் மாணவரும் அவ்வாளின் கூர்மையை அறிவர். அத்தகையோர் சிலருக்கு மாலை வேளைகளில் ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்து வருகின்றேன். ஒரு வினையின் பின் 'இங்' ஈற்றுத் தொழிற்பெயர் வருமா, 'டு' முன்னிற்கும் எச்சம் வருமா என்னும் ஐயமே அவர்களைப் பெரிதும் வருத்துகின்றது. நூல்களோ இரு பட்டியல்களைத் தந்து மனனஞ் செய்யச் சொல்கின்றன. "இதற்கு நியாயமே இல்லையா, அண்ணா?" என்றாள் ஒரு மாணவி. தனக்கு ஆங்கிலம் வாய்க்காது என்ற முடிவு அக்கேள்வியுள் ஒலித்தது.

நியாயம் உண்டு, நம் மொழியிலும் உண்டு. 'கதவைப் பூட்டியதை மறந்தேன்', 'கதவைப் பூட்ட மறந்தேன்' என்பவற்றை நோக்குக. முன்னையதிற் கதவு பூட்டப்பட்டுவிட்டது, பின்னையதிற் பூட்டப்படவில்லை. 'றிமெம்பர்', 'ஃபொகெட்' ஆகிய ஆங்கில வினைகளும் இத்தகையனவே. அவற்றின்பின் 'இங்' வடிவம் நிகழ்ந்ததைத் திரும்பிப் பார்க்கும். 'டு' வடிவம் நிகழவேண்டியதை எதிர்நோக்கும். 'ஸ்டொப் ஸ்மோக்கிங்' என்பது புகைத்தலை நிறுத்தல். 'ஸ்டொப் டு ஸ்மோக்' என்பது புகைப்பதற்காக நிற்றல். நோயாளியைப் பற்றிய மருத்துவக் குறிப்பில் இவ்வேறுபாடு சிறியதன்று.

இந்த 'டு', 'நோக்கி' என்னும் பொருளில் வந்த பழைய இடைச்சொல். பழைய ஆங்கிலத்தில் வினைப்பெயரின் நான்காம் வேற்றுமை வடிவத்தின் முன் நின்றது. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளுள் எண்ணும் 'செயற்கு' என்பதும் நான்காம் வேற்றுமையுருபை ஈற்றிற் கொண்டதாகவே தோன்றுகின்றது. உறவற்ற இரு மொழிகள் ஒரு வழியே நடந்துள்ளன. 'வான்ட்', 'ஹோப்', 'டிசைட்' என்பன 'டு' வடிவை வேண்டுவதன் காரணமும் இதனால் விளங்கும்.

எல்லாம் இவ்விதியுள் அடங்கா. 'சஜெஸ்ட்' எதிர்காலச் செயலைச் சுட்டினும் 'இங்' வடிவையே ஏற்கும். 'பிகின்' இரண்டையும் ஏற்கும். இவற்றைப் பழகியே அறிதல் வேண்டும். எனினும், காரணமுள்ளவற்றைக் காரணத்தோடு கற்றபின் மனனஞ் செய்ய எஞ்சுவன சிலவே.

தாய்மொழி இலக்கணத்தைப் பரீட்சையோடு மூடிவைத்துவிட்டு ஆங்கிலம் கற்கப் புறப்படுவோர், கைவிளக்கை வீட்டில் வைத்துவிட்டு இருளில் நடப்போரை ஒப்பர்.