அப்பத்தாக்களுக்கு ஏது ஓய்வூதியம்?

எங்கள் தெருக்களில் ‘ஓய்வு பெற்றவர்’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. வாத்தியார் ஓய்வு பெறுவார், தாசில்தார் ஓய்வு பெறுவார், மின்வாரியத்தில் இருந்தவரும் ஓய்வு பெறுவார். நாற்று நட்ட அப்பத்தாவைக் கேட்டால், “அதுக்கு இப்ப முடியல” என்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் நிலமில்லாத தலித் பெண்ணுக்கு முதுமை வருகிறது, ஓய்வு வருவதில்லை. இதற்குக் காரணம் தலையெழுத்து என்று சொல்லிவிட்டுப் போக எங்களால் முடியவில்லை. ஒரு பெண் ஐம்பது வருடம் உழைத்ததை எந்தப் பதிவேடும் எழுதி வைக்காததுதான் காரணம்.

1895-இல் பெரியாறு அணைத் தண்ணீர் இங்கே வந்தது. இன்றும் 14,707 ஏக்கர் இருபோக நெல் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த ஏக்கர்களில் வரிசை பிடித்துக் குனிந்து நட்டவர்களில் பெரும்பாலோர் எங்கள் காலனிப் பெண்கள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களும் அவர்களே. ஏலக்காய் செடியின் தூரில், தரையை ஒட்டிக் காய்க்கும். ஈர மண்ணில் குனிந்தும் குத்தவைத்தும் நாள் முழுக்க எடுக்க வேண்டும். இடுப்பும் முட்டியும் ஐம்பது வயதிலேயே போய்விடுவது ஏன் என்று எந்த டாக்டரும் விளக்க வேண்டியதில்லை.

வயதானால் முதலில் ஜீப்பில் இடம் போகிறது. “ஆத்தா, நாளைக்கு வேணாம்” என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் பணி நிறைவு ஆணை. பிறகு உள்ளூர்க் களைவெட்டு, திராட்சைத் தோட்டத்தில் எடுபிடி வேலை, இரண்டு ஆடு, நூறு நாள் வேலை. இதோடு பேரப்பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார். அவர் பிள்ளையைப் பார்த்தால்தான் மகள் ஜீப் ஏற முடியும். இந்த வேலைக்குக் கூலி கிடையாது, பெயரும் கிடையாது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1972-இல் வந்த பணிக்கொடைச் சட்டம் தோட்டங்களையும் சேர்த்தே எழுதப்பட்டது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் கூலி என்பது அதன் கணக்கு. முப்பது ஆண்டு காய் எடுத்தவருக்கு 450 நாள் கூலி வர வேண்டும். ஆனால் தினக்கூலியாக, ஜீப் கூட்டிப்போன இடத்துக்கெல்லாம் போன பெண்ணின் பெயர் எந்த எஸ்டேட் பதிவேட்டில் இருக்கும்? மலைக்கு மேலே அவர் வெளி மாநில ஆள். கீழே வந்தால், வேலை இங்கே நடக்கவில்லை என்பார்கள்.

கூலி சேராவிட்டால் நிலமாவது தாங்க வேண்டும். 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்க முடிவான பஞ்சமி நிலம் எங்கள் கையிலேயே இருந்திருந்தால், அரை ஏக்கர் குத்தகைப் பணமே ஒரு பாட்டிக்கு ஓய்வூதியமாக இருந்திருக்கும். பஞ்சமி நில மீட்பை இளைஞர்களின் கோரிக்கையாக மட்டுமே பேசுகிறோம். அது முதியவர்களின் கோரிக்கையும்தான்.

மிச்சம் இருப்பது முதியோர் உதவித்தொகை. தமிழ்நாட்டில் 2023-இல் அது 1,200 ரூபாய் ஆனது. 60 முதல் 79 வயது வரையானவர்களுக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு 2007-இல் இருந்த அதே 200 ரூபாய். அதை வாங்கவும் வயதை நிரூபிக்க வேண்டும்.

ஒரு காலனியில் மனு எழுத உட்கார்ந்திருந்தோம். பல் இல்லாத ஒரு பாட்டி ஆதாரை நீட்டினார். பிறந்த தேதி 01.01.1970. யாரோ குத்துமதிப்பாகப் போட்ட வருடம். “எம்ஜிஆர் அமெரிக்கா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அவருக்கு ஓட்டுப் போட்டேன்” என்றார். அப்போது அவர் குடியிருந்தது ஆண்டிபட்டிப் பக்கம். அந்தத் தேர்தல் நடந்தது 1984 டிசம்பரில். ஓட்டுரிமை வயது 18 ஆனது 1989-இல், அதுவரை 21. அப்படியானால் அவர் 1963-க்குப் பிறகு பிறந்திருக்க முடியாது. உதவித்தொகைக்கான வயதைத் தாண்டிவிட்டவரை ஆதார் இன்னும் காக்க வைக்கிறது.

அறுபது என்ற எல்லையிலும் சாதி இருக்கிறது. ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை, உயர்சாதிப் பெண்களோடு ஒப்பிட்டால் தலித் பெண்கள் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்றது. எல்லோருக்கும் ஒரே வயது என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. முன்னதாகவே சாகிறவர்களுக்கு அது எட்டாத வயது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் வெளியே நிறுத்தினார்கள். கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். சட்டத்தில் நிறம் என்ற சொல் இல்லை, தேவையும் படவில்லை. 1950, 1954 திருத்தங்களுக்குப் பிறகே அவர்களுக்குக் கதவு திறந்தது. ‘முறைசாராத் தொழிலாளி’ என்ற நம் ஊர்ச் சொல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதில் சாதி எழுதப்படவில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

தோழர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். உங்கள் அப்பத்தா, அம்மாச்சி, பக்கத்து வீட்டுப் பாட்டி எந்த வயலில், எந்த எஸ்டேட்டில், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, என்ன கூலிக்கு வேலை பார்த்தார்கள் என்று எழுதுங்கள். உடன் போனவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். பழைய வாக்காளர் பட்டியலைத் தேடுங்கள். ஆதார் தேதி தவறென்றால் திருத்த மனு போடுங்கள். மே 1 கிராம சபையில், விடுபட்ட முதிய பெண்களின் பட்டியலைத் தீர்மானமாக வையுங்கள்.

அரசுக் காகிதத்தில் அந்தத் திட்டத்தின் பெயர் ‘முதியோர் ஓய்வூதியம்’. நம் வாயில் அது ‘உதவித்தொகை’. உதவி என்றால் கொடுக்கிறவர் மனசு வைக்க வேண்டும். ஓய்வூதியம் என்றால் உழைத்தவருக்கு வர வேண்டிய பாக்கி. மனுவில் இனி அந்தச் சொல்லையே எழுதுவோம்.