ஓர் எழுத்தும் ஒரு தொழிலும்

முன்னோர் யார் என்று கேட்டுப் பாருங்கள். மன்னர் என்பார் ஒருவர், அமைச்சர் என்பார் மற்றொருவர், படைத்தலைவர் என்பார் வேறொருவர். உழுதவர், நெய்தவர், சுமந்தவர், துவைத்தவர் எவருக்குமே பேரப் பிள்ளைகள் பிறக்கவில்லையோ என்று ஐயுறத் தோன்றும்! இந்த ஆசை நம்மவர்க்கு மட்டுமே உரியதன்று. ஆங்கில நாட்டிலும் அது உண்டு என்பதைப் பழைய ஏட்டின் பக்கம் ஒன்று நமக்கு உணர்த்திற்று.

இங்கிலாந்தில் பணிபுரியும் நம் தோழர் ஒருவர் அந்நாட்டுப் பெண்ணை மணந்தவர். துணைவியாரின் குடும்பத்தில் வழிவழியாக ஒரு பேச்சு: பாட்டனாரின் பாட்டனார் ஒரு 'லாயர்', அதாவது வழக்கறிஞர் என்று. அதற்குச் சான்றாக 1851ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கேட்டின் பக்கம் ஒன்றைக் காட்டுவார்களாம். பழைய கையெழுத்துகளோடு நமக்குச் சிறிது பழக்கம் உண்டு என்பதால், அதன் படத்தை நமக்கு அனுப்பி, தொழில் என்ற கட்டத்தில் உள்ள சொல்லைப் படித்துச் சொல்லுமாறு தோழர் கேட்டிருந்தார்.

பிரிட்டனில் 1801இல் தொடங்கியது இக்கணக்கு. நாடெங்கும் ஒவ்வொருவர் பெயரையும் தொழிலையும் குறிக்கும் முறை 1841இல் வந்தது. கணக்கெடுப்பாளர் வீடுதோறும் ஒரு தாளைக் கொடுப்பார்; பின்னர் வந்து பெறுவார்; எழுதத் தெரியாதவர்க்குத் தாமே எழுதுவார்; எல்லாவற்றையும் தம் ஏட்டில் படியெடுப்பார். அக்கால வீட்டுத் தாள்கள் பெரும்பாலும் அழிந்தன, ஏடுகளே நின்றன. ஆகவே நாம் காண்பது முன்னோரின் கையெழுத்தன்று. அவர் சொன்னதைக் கேட்டோ, எழுதியதைப் பார்த்தோ பிறர் எழுதிய எழுத்து. போதாக்குறைக்கு, தலைநகரில் எண்ணிக்கை பார்த்த எழுத்தர்கள் இழுத்த கோடுகள் அச்சொற்களின் மேலேயே ஓடும். சுருக்கெழுத்து வேறு! உழவுக் கூலியாளர் என்பதற்கு 'ஏஜி லேப்'. வீட்டுப் பணிப்பெண் என்பதற்கு 'எஃப்.எஸ்.'. ஒருவரது வாழ்நாள் உழைப்பு இரண்டு எழுத்தில் அடங்கிவிட்டது!

நாம் என்ன செய்தோம்? ஆசையைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு எழுத்தைப் பார்த்தோம். அக்காலக் கையெழுத்தில் 'எல்' என்ற பெரிய எழுத்தும் 'எஸ்' என்ற பெரிய எழுத்தும் உடன்பிறந்தவை போலிருக்கும். இரண்டும் மேலே வளையும், கீழே சுழியும். எனவே, அதே பக்கத்தில் அதே கை எழுதிய மற்றச் சொற்களைத் தேடினோம். மகன் என்று குறிக்கும் 'சன்' வீட்டுக்கு வீடு இருந்தது. பிறந்த ஊர்க் கட்டத்தில் 'சஃபோக்' என்ற மாவட்டப் பெயர் வரிக்கு வரி இருந்தது. இவை 'எஸ்'. உழவுக் கூலியாளரின் 'லேப்' பத்து இடங்களில் இருந்தது. அது 'எல்'. ஐயத்துக்குரிய எழுத்தை இரண்டு வரிசையோடும் வைத்துப் பார்த்தோம். அது 'சஃபோக்'கின் எழுத்தாகவே நின்றது. 1861ஆம் ஆண்டுப் பக்கத்தை வரவழைத்தோம். வேறொரு கை, தெளிந்த எழுத்து, அதே மனிதர். அங்கும் அச்சொல்லே!

லாயர் அல்லர், 'சாயர்'. மரம் அறுப்பவர்!

பள்ளம் ஒன்றின்மேல் மரத்தைக் கிடத்தி, மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று நெடிய ரம்பத்தை நாள் முழுதும் இழுத்த தொழில் அது. கீழே நிற்பவர் தலையிலும் கண்ணிலும் மரத்தூள் மழையாய்க் கொட்டும். முடிவை எழுதினோம். வீட்டில் பெரியவர் ஒருவரின் முகம் வாடிற்று என்று தோழர் எழுதினார். ஏன் வாட வேண்டும்? வழக்கறிஞர் நின்று வாதாடும் மன்றத்தின் பலகையும் யாரோ ஒருவர் அறுத்துத் தந்ததன்றோ?

அதே பக்கத்தில் அவர் மனைவிக்கு உரிய தொழில் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. 1841இல் தந்த கட்டளை, மனைவியரின் தொழிலை எழுத வேண்டியதில்லை என்றே கூறிற்று. அதற்கு முந்தைய அறிக்கைகள் இல்லப் பணியை ஒரு வகையாகவேனும் மதித்திருக்க, 1881ஆம் ஆண்டு அறிக்கை அதனைத் தொழிலற்றோர் வகையில் தள்ளிற்று. நம் மரம் அறுப்பவர் இறந்தபின் வந்த 1871ஆம் ஆண்டு ஏட்டில் அந்த அம்மையாரின் கட்டம் முதன்முறையாக நிரம்பியிருக்கிறது: சலவைத் தொழிலாளி. கணவர் மறைந்த அன்றுதானா அவர் துவைக்கக் கற்றார்? ஏடு கேட்கவில்லை, எனவே சொல்லவும் இல்லை. 1911 ஏப்ரல் 2ஆம் நாள் இரவு, வாக்குரிமை தராத அரசு தம்மை எண்ணலாகாது என்று அந்நாட்டுப் பெண்கள் பலர் கணக்கெடுப்பை மறுத்தனர். வெறுமையாய் விடப்பட்ட கட்டங்களை எண்ணிப் பார்ப்போர்க்கு அந்தச் சினம் விளங்கும்.

தோழரின் மகள் தந்தை வழியையும் தேட விரும்பினாள். ஆங்கில ஏடுகள் நூறாண்டு கழித்துத் திறக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டு ஏடு 2022இல் திறந்தது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனிமனிதரைப் பற்றிய பதிவைப் பிறர் பார்வைக்குத் தருவதில்லை. நமக்கு எளிதில் கிடைப்பவை பழைய அறிக்கைகளின் அட்டவணைகளே. அவற்றில் தொழிலும் உண்டு. ஆயினும் 1891இல் சாதிகளைக் குலத்தொழில் வாரியாக அடுக்கினர். 1901இல் உயர்வு தாழ்வு வரிசையில் அடுக்கினர். சஃபோக்கின் மரம் அறுப்பவருடைய மகன் 1871இல் இரயில்வே எழுத்தர். பத்தாண்டில் கட்டம் மாறிற்று. எவரும் அவரைப் பார்த்து, ரம்பம் உன் குலத்தொழில் என்று அட்டவணையில் பூட்டவில்லை. அந்நாட்டிலும் மேட்டிமை உண்டு. வாடிய முகமே அதற்குச் சான்று. ஆனால் அங்கே ஏடு கேட்டது, இவர் செய்வது என்ன என்று. இங்கே அட்டவணை முந்திக்கொண்டு சொன்னது, இவர் பிறந்தது எதற்கு என்று!

இளைஞர் தோழர்களே! நமக்கு ஏடு இல்லை. ஆனால் திண்ணையில் பாட்டி இருக்கிறார். அவர் கணவர் என்ன செய்தார் என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் என்ன செய்தார் என்றும் கேளுங்கள். களை பிடுங்கினாரா, செங்கல் சுமந்தாரா, இட்டிலி சுட்டு விற்றாரா? எத்தனை வயதில் தொடங்கினார்? கூலி எவ்வளவு? சொன்னதைச் சொன்னபடி எழுதி, நாளும் ஊரும் குறித்து வையுங்கள். அழகுபடுத்த வேண்டாம்; உயர்த்த வேண்டாம். மரம் அறுத்தவரை வழக்கறிஞராக்கினால் அவருக்குப் பெருமை சேராது. அவர் சிந்திய வியர்வைதான் மறைந்துபோகும்.